ஆராய்ச்சிப் பணம் எதற்கு: திட்டத்துக்கா, ஆளுக்கா, வலையமைப்புக்கா?

கெர் ஒயிட் என்ற மருத்துவ ஆய்வாளர் 1961இல் போட்ட கணக்கு ஒன்று உண்டு. ஒரு மாதத்தில் 1000 பெரியவர்களில் 750 பேருக்கு ஏதாவது உடல்நலக் கோளாறு வரும். 250 பேர் மருத்துவரைப் பார்ப்பார்கள். பல்கலைக்கழக மருத்துவமனைவரை போவது ஒரே ஒருவர். ஆராய்ச்சிப் பணம் பெரும்பாலும் அந்த ஒருவரின் பின்னால்தான் ஓடுகிறது. மீதிப் பேரைப் பார்க்கும் கிளினிக்குகளில் ஆராய்ச்சியை வளர்க்க அரசு நிதி வருகிறது என்றால், அதை எந்த வழியில் கேட்பது? எங்கள் குழு இதற்காக இரண்டு முறை உட்கார்ந்தது.

முதல் முறை நாங்கள் கேட்டது திட்ட நிதி, அதாவது ஒரு குறிப்பிட்ட ஆய்வுக்கு மட்டும் தரும் பணம். கேள்வி தெளிவு, கெடு தெளிவு, கணக்குக் காட்டுவதும் சுலபம். கட்டுரையும் வந்தது. பணம் முடிந்த மாதமே உதவியாளர் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவர் எழுதிவைத்த தரவுக் குறியீடுகள் இன்றுவரை எங்களில் யாருக்கும் புரியவில்லை.

நாங்கள் கேட்காத இன்னொரு வழி ஆளுக்கு நிதி. நோயாளிகளைப் பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி பழக உதவித்தொகை. ஆஸ்திரேலியா 2000இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இந்த வழியும் இருந்தது. நான் வாங்கியதில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன். வாங்கிய நண்பர் நன்றாகவே தேறினார், ஆனால் தேறியதும் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்.

இரண்டாம் முறை நாங்கள் கேட்டது வலையமைப்பு: பல கிளினிக்குகள் ஒரே மாதிரிப் பதிவு வைத்து, ஒரு நிரந்தர ஒருங்கிணைப்பாளரோடு இயங்குவது. பிரிட்டனில் குடும்ப மருத்துவர்களின் கல்லூரி 1957 முதல் இப்படியொரு கண்காணிப்பு வலையை வைத்திருக்கிறது. 2020இல் கொரோனா வந்தபோது, வீட்டில் இருக்கும் நோயாளிகளுக்கான பிரின்சிபிள் என்ற மருந்துப் பரிசோதனைக்கு அதுவும் கைகொடுத்தது. அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின் என்ற இரண்டு ஆன்டிபயாடிக் மருந்துகளும் அவர்கள் குணமாவதை விரைவுபடுத்தவில்லை என்பது மறு வருடமே தெரிந்துவிட்டது. தொற்று வந்த பிறகு ஆள் தேடியிருந்தால் இது நடந்திருக்குமா?

ஆனால் வலையமைப்பைப் பராமரிக்கும் வேலை ஓயவே ஓயாது, இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நர்ஸ் மாறினால் மறுபடி பயிற்சி. மென்பொருள் மாறினால் தரவு எடுக்கும் முறையையே திரும்ப எழுத வேண்டும். கிளினிக்குகளுக்கு அவர்களுடைய எண்களை ஒழுங்காகத் திருப்பிக் காட்டாவிட்டால், அடுத்த வருடம் பதிவு அரைகுறையாக வரும். மருத்துவர் செலவிடும் நேரத்துக்கும் பணம் தர வேண்டும். நல்ல மனசை நம்பினால் ஆறு மாதம் ஓடும், அவ்வளவுதான். புதியதைத் தொடங்கப் பணம் கிடைக்கும். ஓடிக்கொண்டிருப்பதை ஓட்டக் கேட்டால் முகம் சுளிப்பார்கள். எந்த நிதியாக இருந்தாலும், ‘பணம் நின்ற மறுநாள் என்ன மிஞ்சும்?’ என்றுதான் இப்போது முதலில் பார்க்கிறேன்.

எங்கள் வலையமைப்புக்கு மூன்று வயதுதான், சிறியதும்கூட; பத்து வருடம் தாங்குமா என்று கேட்டால் பதில் இல்லை. ஒருங்கிணைப்பாளர் சம்பளத்தில் பாதியை நான்காம் வருடத்திலிருந்து நாங்கள் சார்ந்த துறையே ஏற்கும் என்று எழுதி வாங்கிவிட்டோம். மறுபாதிக்கு அலைந்துகொண்டிருக்கிறோம்.