பச்சைக் கோழி எரு, மூடிவைத்த குவியல், கிளறிய மக்கு உரம்: எதைப் போடலாம்?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் வீட்டுக் கொல்லையில் மிளகாய், வெண்டை போடுகிறவர்களுக்குச் சுலபமாகக் கிடைப்பது சாக்கில் வரும் கோழி எரு. செடி மளமளவென்று வரும், உண்மைதான். ஆனால் பண்ணையில் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கில் கணிசமான பங்கு சிதையாமலே எச்சத்தில் வெளியேறுகிறது. அதற்கு அசராத பாக்டீரியாவும் கூடவே வருகிறது. கொலிஸ்டின் என்னும் ஆன்டிபயாடிக்கைக் கால்நடைக்குக் கொடுப்பதை 2019 ஜனவரியில் மலேசியா தடை செய்தது. வேறு சில மருந்துகள் இன்னும் புழக்கத்தில் உள்ளன.

பச்சையாகப் போடுவதை நாங்கள் ஏற்பதில்லை. வேர் கருகும், ஈ மொய்க்கும், கிருமி நேரே பாத்திக்குப் போகும். மண்ணைத் தொடும் விளைச்சலுக்கு, அறுவடைக்கு 120 நாள் முன்பே பச்சை எருவைப் போட்டுவிட வேண்டும் என்கிறது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. ஒரு மாதத்தில் அறுக்கும் கீரைக்கு இது ஒத்தே வராது.

தார்ப்பாய் போட்டு மூன்று மாதம் மூடிவைப்பது கொஞ்சம் மேல். நடுப்பகுதி சுடும், ஓரம் சுடாது. ஓரத்தில் பிழைத்த கிருமி, குவியல் ஆறியதும் உள்ளேயும் பரவும்.

கிளறிய குவியலே சிறந்தது. கோழி எருவில் நைட்ரஜன் மிகுதி. ஒரு வாளிக்கு இரண்டு வாளி காய்ந்த இலை, மரத்தூள் அல்லது நார்நாராய்க் கிழித்த செம்பனை வெறுங்குலை சேருங்கள். குவியல் நான்கடி உயரமாவது இருக்கட்டும். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு மட்டுமே வர வேண்டும். ஒழுகினால் காற்று அடைபட்டு நாறும். அம்மோனியா மூக்கைத் துளைத்தால் காய்ந்த பொருள் போதவில்லை. நீளக் கம்பி வெப்பமானியில் 55 டிகிரிக்குக் குறையாமல் 15 நாள், அதற்குள் ஐந்து முறை ஓரத்தை நடுவுக்குத் தள்ளிக் கிளறுங்கள். 70ஐத் தாண்டினால் மக்கவைக்கும் நுண்ணுயிரே சாகும். உடனே கிளற வேண்டும். மாலை மழைக்குத் தகரக் கூரை அவசியம். பிறகு இரண்டு மாதம் ஆறவிடுங்கள். பச்சை எரு அள்ளிய மண்வெட்டியைக் கழுவாமல் இதில் வைக்காதீர்கள்.

இதுவும் முழுத் தீர்வல்ல. ஆன்டிபயாடிக்குகளில் டெட்ராசைக்ளின் பெருமளவு சிதையும். என்ரோஃப்ளோக்சசின் வகை எளிதில் சிதையாது. சல்பா மருந்தை எதிர்க்கும் திறனைப் பாக்டீரியாவுக்குத் தரும் சல்1 மரபணு, குவியல் ஆறும் கட்டத்தில் மறுபடி கூடுவதும் உண்டு. தீவனத்துத் துத்தநாகமும் செம்பும் மக்கவே மக்காது. அவை மண்ணில் சேரச் சேர எதிர்ப்புக் கிருமிக்கே சாதகம்.

ஆகவே மருந்து போடாத மாட்டின் சாணம் கிடைத்தால் கோழி எருவை விட்டுவிட்டு அதையே இதே முறையில் மக்க வையுங்கள். காய்ந்த பொருள் சம அளவு போதும். மாட்டுக்கு ஊசி போட்டிருந்தால், சிகிச்சை முடிந்து சில வாரம் வரையிலான சாணத்தைக் காய்கறிப் பாத்திப் பக்கமே கொண்டுவராதீர்கள்.