யோகராஜ குக்குலு மாத்திரை: மூட்டு வலிக்கு வாங்கலாமா?

அம்மாவின் மூட்டு வாதத்துக்கு ஆயுர்வேத மருத்துவர் எழுதிக் கொடுத்து வாங்கினோம். மூடியைத் திறந்ததும் இதன் முக்கியச் சரக்கான குக்குலுப் பிசின் வாடையும் ஓம வாடையும் சேர்ந்து வரும், கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் உருண்டை பிசுபிசுவென ஒட்டும். காலையில் எழுந்ததும் காலை மடக்க முடியாமல் இருந்த விறைப்பு நன்றாகக் குறைந்தது. வீக்கம் அவ்வளவாக வற்றவில்லை. பிசியோதெரபி பயிற்சியும் கூடவே நடந்ததால் முழுப் பெருமையையும் மாத்திரைக்கே கொடுக்க மாட்டேன்.

வாங்கும்போது பெயரை முழுசாகப் படியுங்கள். எங்களுக்கு ஒரு கடையில் 'மகா யோகராஜ' டப்பாவை எடுத்து நீட்டினார்கள், ரெண்டும் ஒன்றுதான் என்று வேறு சொன்னார்கள். ஒன்றே இல்லை! மகா யோகராஜவில் ஈய பற்பம் (ஈயத்தைப் புடம்போட்ட சாம்பல்), பாதரசம் சேர்ந்த சரக்கு எல்லாம் சேரும், மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடவே கூடாது. தைராய்டு மாத்திரை, ரத்த அழுத்தத்துக்கு டில்டியாசெம் அல்லது புரோபிரனலால் எடுப்பவர்கள் சாதா யோகராஜவுக்கும் முதலில் டாக்டரிடம் கேளுங்கள், கர்ப்பிணிகளுக்கு வேண்டவே வேண்டாம். சிலருக்கு வயிற்றுப்போக்கும் தோலில் தடிப்பும் வரும். கொழுப்பைக் குறைக்கும் என்று விற்பவர்களையும் நம்பாதீர்கள், 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வில் குக்குலு சாப்பிட்டவர்களுக்குக் கெட்ட கொழுப்பு கூடத்தான் செய்தது.

அப்புறம், இந்தப் பிசின் ராஜஸ்தான், குஜராத்தின் கட்ச் வறண்ட நிலத்து முட்புதரிலிருந்து வருகிறது. பட்டையை அளவுக்கு மீறிக் கீறினால் செடியே பட்டுப்போகும், இப்போது அது அழிவின் விளிம்பில் இருக்கிற இனம். செடி வளர்த்து எடுத்த பிசினா என்று தயாரிப்பாளரிடம் கேட்டு எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.