லீவுக்கு வாசிக்க நூலகம் தளம்

ஆகஸ்ட் லீவுக்குப் புத்தகம் வாங்கக் கிளிநொச்சி டவுன் வரை போக இந்த வெயில் விடவில்லை, சரி என்று 'நூலகம்' என்ற இணையத்தளத்திலேயே இருந்துவிட்டேன். 2005 இல் தொடங்கிய இலவச எண்ணிம நூலகம் இது. ஈழத்து நாவல்கள், பழைய சஞ்சிகைகள், பாடசாலை மலர்கள் எல்லாம் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக வைத்திருக்கிறார்கள், ஒரு சதம் கட்டத் தேவையில்லை. இடம்பெயர்வில் அலுமாரியோடு விட்டுவந்த புத்தகங்களின் அட்டைகளைத் திரும்பவும் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முதலில் அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'யை எடுங்கள். 1973 இல் வந்த நாவல், கதை நடப்பது எங்கள் முல்லைத்தீவுப் பக்கத்துத் தண்ணிமுறிப்பில். குளமும் காடும் வயலும் வேட்டையும், நடுவில் பதஞ்சலி என்ற பெண்பிள்ளை. எங்கள் பேச்சு அச்சில் அப்படியே கேட்கிறது, அம்மம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன், இடையிடையே நிறுத்தச் சொல்லித் தன் கதையையும் சொன்னார்.

ஸ்கேன் பக்கங்கள் சின்னப் போனில் கண்ணை நோகடிக்கும், டேப்லெட் இருந்தால் நல்லது. வைஃபை கிடைக்கும் இடத்தில் தரவிறக்கி வைத்தால் அப்புறம் சிக்னல் இல்லாவிட்டாலும் மரநிழலில் இருந்து வாசிக்கலாம். வன்னிக் கதைகள் வேறு வாசித்திருந்தால் சொல்லுங்கள், மகளுக்கு இன்னும் இரண்டு கிழமை லீவு இருக்கிறது.