யு.எஸ்.பி. கிளிசரினா, ‘100% தூய்மை’ கிளிசரினா?

பிரிட்டனில் வேப் திரவத்தை, அதாவது மின் சிகரெட்டில் ஆவியாக்கி இழுக்கும் திரவத்தை, வீட்டிலேயே கலக்கிறவர்கள் முன்னால் இரண்டு கிளிசரின் பாட்டில்கள் நிற்கும். ஒன்றில் பச்சை இலைப் படமும் ‘100% தூய்மை’ என்ற பெரிய எழுத்தும், விலை குறைவு, சோப்பு செய்ய விற்பது. இன்னொன்றில் பொடி எழுத்தில் யு.எஸ்.பி., கூடவே பேட்ச் எண், காலாவதி தேதி.

‘100%’ என்பது விற்கிறவர் சொல், அவ்வளவுதான். யு.எஸ்.பி. என்றால் அமெரிக்க மருந்துத் தர நூலின் அளவுகோல்: நீரைக் கழித்தால் கிளிசரின் 99 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, டைஎத்திலீன் கிளைகால் என்ற விஷம் 0.10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இந்த இரண்டாவது எண்தான் உயிர் விஷயம், ஏனென்றால் அந்த விஷமும் கிளிசரின் மாதிரியே இனிப்பாக, நிறமில்லாமல் இருக்கும், நாக்கு பிரித்துச் சொல்லாது, 1937-இல் அமெரிக்காவில் ஒரு சல்பானிலமைடு மருந்தில் சேர்ந்து நூறு பேருக்கு மேல் கொன்றது.

நான் யு.எஸ்.பி. பாட்டிலைத்தான் எடுப்பேன், அதுவும் அந்த பேட்ச்சின் பரிசோதனைச் சான்றிதழைக் கேட்டுப் பார்த்துவிட்டு. சரி, அப்போது பத்திரமா? அந்தச் சோதனை எதுவும் நுரையீரலை மனதில் வைத்துச் செய்ததல்ல. திரவத்தில் மணத்துக்குச் சேர்க்கும் ஃபுட் கிரேடு (உணவுத் தர) எசன்ஸும் அப்படித்தான்: வெண்ணெய் மணம் தரும் டைஅசிட்டைலைச் சாப்பிடலாம், ஆனால் அதைச் சுவாசித்த பாப்கார்ன் ஆலைத் தொழிலாளர்களுக்கு நுரையீரல் கெட்டது. எண்ணெயில் கரைத்த எசன்ஸைத் தொடவே வேண்டாம்.