பழையபேட்டையில் தைத்த கம்பளி சூட்: ஜெர்மனிப் பயணத்துக்குப் போதுமானதா?

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துத் தொழிற்சாலைகளிலிருந்து பணி நிமித்தம் ஐரோப்பா செல்பவர்கள் புறப்படும் முன் தவறாமல் கேட்பது, சூட்டை எங்கே எடுப்பது என்பதுதான். உயர்ந்த கோட் எப்படி இருக்கும் என்பதைப் பெங்களூரில் அணிந்து பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். தைப்பதற்கு உள்ளூரிலேயே கொடுங்கள் என்பதே என் பதில். 2025 செப்டம்பரில் ஹனோவரில் நடந்த ஈ.எம்.ஓ. இயந்திரக் கருவிக் கண்காட்சிக்காகக் கிருஷ்ணகிரி பழையபேட்டையில் உள்ள சிறிய தையற்கடை ஒன்றில் தைத்துக்கொண்ட சூட்டை வைத்து இதைச் சொல்கிறேன்.

பெங்களூரு விட்டல் மல்லையா சாலையில் உள்ள யூ.பி. சிட்டி போன்ற வளாகங்களில் உயர்விலை ஆடவர் ஆடைக் கடைகளைச் சுற்றிப் பார்ப்பது, வாங்கும் எண்ணம் இல்லாதவருக்கும் வீண் வேலையன்று. அங்கே ஒரு கோட்டின் விலை லட்சத்தைத் தாண்டுவது வழக்கம் என்றாலும், அணிந்து பார்க்கலாமா என்று மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அப்போது தோள்பட்டையையும் முன்பக்கத்தையும் கவனியுங்கள். பொத்தான் துளைக்குச் சற்றுக் கீழே முன்பக்கத் துணியை இரு விரல்களால் மெல்லக் கிள்ளிப் பிரித்தால், வெளித்துணிக்கும் உட்பக்கத்துக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் அடுக்கு தனியே நழுவுவது தெரியும். அதுதான் கேன்வாஸ். அது தையலால் மட்டுமே பிடிக்கப்பட்டிருப்பதால், அணிய அணிய மார்பின் வளைவுக்குப் படிந்துவிடுகிறது. விலை குறைந்த கோட்டில் இந்த இடத்தில் பசைத்துணியைச் சூடேற்றி ஒட்டியிருப்பார்கள். தரக்குறைவான பசையானால் சில முறை டிரை கிளீனிங் கொடுத்ததுமே ஆங்காங்கே உப்பிக்கொள்ளும். இந்த வேறுபாட்டை ஒருமுறை விரலால் உணர்ந்தவர், தையற்காரரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதில் தடுமாற மாட்டார்.

துணியின் ஓரத்தில் காணும் ‘சூப்பர்’ எண்ணும் பலரைக் குழப்புகிறது. அது கம்பளி இழையின் நுண்மையைக் குறிப்பது: சூப்பர் 100 என்றால் இழையின் சராசரி விட்டம் 18.75 மைக்ரானுக்கு மிகாது. சூப்பர் 150 என்றால் 16.25 மைக்ரானுக்கு மிகாது. எண் ஏற ஏற மென்மையும் விலையும் ஏறும். ஆனால் உரசலைத் தாங்கும் வலிமை குறையும். பெட்டியில் மடித்து எடுத்துச் சென்று, காலை முதல் மாலை வரை அரங்குகளில் நின்றும் நடந்தும் பழக வேண்டியவருக்கு 100 முதல் 120 வரையே ஏற்றது. நம் ஊர்க் கடைகளில் ‘சூட்டிங்’ என்று எடுத்துப் போடுவதில் பெரும்பகுதி பாலியஸ்டர் விஸ்கோஸ் கலப்புத்தான் என்பதால், முழுக் கம்பளியில் கருநீலத் துணியைப் பெங்களூரில் எடுத்துவந்தேன். ஒரு சூட்டுக்கு மூன்றேகால் மீட்டர் ஆகும். கால்சட்டைதான் முதலில் தேயும் என்பதால் இரண்டாகத் தைத்துக்கொள்ள நாலரை மீட்டராக வாங்கினேன். இந்த ஓர் ஏற்பாட்டை எல்லோருக்கும் வற்புறுத்திச் சொல்வேன்.

இனி தையல். மாஸ்டர் அளவெடுக்கும்போது, “விறைப்பா நிக்காதீங்க சார், எப்பவும் நிக்கிற மாதிரி நில்லுங்க” என்றார். முதல் ட்ரையலில் வலது கையின் பின்புறம், தோளுக்குக் கீழே சாய்வாக ஒரு சுருக்கம் விழுந்தது. நான் சொல்லும் முன்பே அவர் அதைப் பார்த்துவிட்டார். என் கைகள் இயல்பாகவே சற்று முன்னோக்கித் தொங்குவதால் வருவது அது என்று விளக்கி, கையைப் பிரித்து, அரை அங்குலம் போல முன்பக்கமாகத் திருப்பிச் சாக்பீஸால் குறியிட்டுப் பொருத்தினார். அடுத்த ட்ரையலில் சுருக்கம் இல்லை. ஆயத்தக் கோட் எவ்வளவு விலை உயர்ந்ததாயினும், அணிபவரின் நிலைக்கு ஏற்ப இப்படிப் பிரித்துத் திருத்தினால்தான் சரிவரும். மார்புக்கு மட்டும் கேன்வாஸ், கீழ்ப்பகுதிக்குப் பசைத்துணி என்ற முறையில் தைத்தார். பயணத்துக்கு அதுவே போதும்.

குறைகளும் உண்டு. காஜா, அதாவது பொத்தான் துளையின் ஓரத் தையல், இயந்திரத்தில் எடுக்கப்பட்டது. பெங்களூரில் பார்த்த கையால் முடித்த காஜாவின் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு கண்ணில் படுகிறது. லைனிங் துணியில் தேர்வு மிகக் குறைவு. பளபளக்கும் பாலியஸ்டரே கிடைத்தது. வியர்க்கும் உடம்புக்கு அது உகந்ததன்று என்பதால், விஸ்கோஸ் லைனிங்கையும் துணியோடு சேர்த்து வாங்கிச் செல்வது நல்லது.

துணி, கூலி எல்லாம் சேர்த்து 25,000 ரூபாய்க்குள் அடங்கியது. இப்போதைய வரிவிதிப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும்: 2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய்க்கு மேற்பட்ட ஆயத்த ஆடைக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., துணிக்கு 5 சதவீதம்.

ஹனோவரில் பெட்டியைத் திறந்தபோது முதுகுப் பகுதி கசங்கியிருந்தது. குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, அந்த ஆவியில் சற்று நேரம் கோட்டைத் தொங்கவிட்டதில், இஸ்திரி இல்லாமலே மறுநாள் காலைக்குள் நேராகிவிட்டது. கம்பளிக்குரிய இந்தக் குணத்துக்காகவே கலப்புத் துணியைத் தவிர்க்கலாம். மாலைக் குளிருக்கும் கோட் போதுமானதாக இருந்தது.

செப்டம்பரில் பயணம் என்றால் ஆடி மாதத்திலேயே துணியைக் கொடுத்துவிடுங்கள். ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டால் மாப்பிள்ளை சூட்டுகள் குவிந்துவிடும். பிறகு மாஸ்டரிடம் இரண்டாவது ட்ரையலுக்கு நேரம் கிடைப்பது அரிது.