க்ரோனோ டிரிக்கர்: டிஎஸ் கார்ட்ரிட்ஜா, ஸ்டீமா?

1995-ல் நின்டெண்டோவின் சூப்பர் ஃபேமிகாம் கருவியில் வந்த, காலப்பயணக் கதை கொண்ட கேம். இப்போது நின்டெண்டோவின் கைக்கருவியான டிஎஸ்ஸில் ஆடலாமா, கணினிக்குக் கேம் விற்கும் ஸ்டீமில் ஆடலாமா என்று கேட்பவர்களுக்கு, இரண்டிலும் முடித்தவன் சொல்கிறேன்.

காசு: ஸ்டீமில் தள்ளுபடிக்குக் காத்திருந்தால் கையைக் கடிக்காது. டிஎஸ் என்றால் கருவியையும் தேடி அலைய வேண்டும்.

நம்பகம்: ரிச்சி ஸ்ட்ரீட்டில் நான் வாங்கிய கார்ட்ரிட்ஜில் முதல் காலப்பயணச் சுழல் சுற்றிக்கொண்டே இருந்தது. கால் மணி நேரம் வாயைப் பிளந்து பார்த்தேன். திருட்டுப் பிரதிக்கு வைத்த பொறியாம் அது! ஸ்டீமில் இந்தத் தலைவலி இல்லை.

ரகசியங்கள்: இரண்டிலும் ஒன்றே. கதையில் வரும் திருவிழாவில் யாரோ வைத்திருந்த சாப்பாட்டை எடுத்துத் தின்றால் பிறகு நீதிமன்றத்தில் அதைச் சொல்லிக் காட்டுவார்கள். ஏழு ஜூரிகளும் நிரபராதி என்றாலும் சிறைதான், நம்மூர் மாதிரி. மூடிக் கிடக்கும் கறுப்புப் பெட்டியை, கதையின் 600-ஆம் ஆண்டுக்குப் போகும்போது திறக்காமல் கழுத்துப் பதக்கத்தை மட்டும் காட்டிவிட்டு வாருங்கள். 1000-ஆம் ஆண்டில் அதே பெட்டியில் மேம்பட்ட பொருள் இருக்கும். திரும்பப் போய்ப் பழையதையும் அள்ளலாம். இதை நான் மூன்றாவது சுற்றில்தான் கண்டுபிடித்தேன்.

திரை: டிஎஸ்ஸில் மெனு கீழ்த்திரைக்குப் போய்விடும், மேலே படம் மட்டும். ஸ்டீம் பதிப்பு 2018-ல் வந்தபோது எழுத்துரு கண்ணைக் கரித்தது. பிறகு திருத்தினார்கள்.

கூடுதல்: மிருகச் சண்டை அரங்கம் டிஎஸ்ஸில் மட்டுமே. எனக்கு அது சலிப்பு.

தாம்பரம்–பீச் ரயிலில் தினமும் உட்கார இடம் கிடைப்பவர் டிஎஸ் தேடலாம், அசல்தானா என்று பார்த்து. மற்றவர்களுக்கு ஸ்டீம்.