சீனாவில் ஆங்கில ஆசிரியராக: இணையப் பாடமா, நேரடிப் பயிற்சியா, பயிற்சிப் பணியா?

சீனாவில் ஆங்கிலம் கற்பிக்க விரும்புகிறவர்களுக்கு இன்று மூன்று வழிகள் இருக்கின்றன. வீட்டிலிருந்தபடியே இணையத்தில் 120 மணி நேரச் சான்றிதழ்ப் பாடத்தை முடித்துவிட்டு வேலை தேடுவது ஒன்று. நான்கைந்து வாரம் முழுநேரமாக நேரில் பயின்று, பயிற்சியின்போதே உண்மையான மாணவர்களுக்குப் பாடம் நடத்துவது மற்றொன்று. சுருக்கமான பயிற்சி, சீன மொழி வகுப்பு, தூரிகை எழுத்து, தாய்ச்சி உடற்பயிற்சி எல்லாவற்றையும் ஒரே தொகுப்பாக வாங்கிக்கொண்டு சீனப் பள்ளி ஒன்றில் உடனே பயிற்சிப் பணியில் சேர்வது மூன்றாவது. விளம்பரங்களில் மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். முதல் நாள் வகுப்பில் கால் வைத்ததும் வேறுபாடு புரிந்துவிடும்.

இணையப் பாடத்தின் பலம் குறைந்த செலவும் வசதியும்தான். சீனாவில் மொழி ஆசிரியராக வேலை அனுமதி பெற, இளங்கலைப் பட்டத்தோடு இரண்டு ஆண்டு மொழி கற்பித்த அனுபவமும் வேண்டும். கல்வியியலிலோ மொழித்துறையிலோ பட்டம் பெற்றவருக்கும், சொந்த நாட்டு ஆசிரியர் தகுதிச் சான்று உள்ளவருக்கும், ஏற்கத்தக்க பன்னாட்டு மொழி கற்பித்தல் சான்றிதழ் உள்ளவருக்கும் அந்த அனுபவ நிபந்தனை தளர்த்தப்படுகிறது. ஆகவே சான்றிதழுக்குப் பயன் உண்டு. ஆனால் பாடக்குறிப்பு எழுதவும் இலக்கணத்தை விளக்கவும் கற்றுத்தரும் இணையப் பாடம், ஐம்பது பிள்ளைகள் வாய் திறக்காமல் உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும்போது என்ன செய்வது என்பதைக் கற்றுத்தருவதில்லை. வீட்டிலிருந்தே சீனப் பிள்ளைகளுக்கு இணையத்தில் பாடம் எடுத்துப் பழகிக்கொள்ளலாம் என்ற வழியும் அடைபட்டுவிட்டது. பள்ளிப் பிள்ளைகளின் வீட்டுப்பாடச் சுமையையும் தனிப்பயிற்சிச் சுமையையும் குறைக்க 2021 ஜூலையில் வந்த ‘இரட்டைக் குறைப்பு’க் கொள்கை, வெளிநாட்டில் இருப்பவர்களை அவ்வாறு பணியில் அமர்த்துவதைத் தடை செய்தது.

நேரடிப் பயிற்சியில் பரவலாக மதிக்கப்படுபவை இரண்டு. கேம்பிரிட்ஜ் வழங்கும் செல்ட்டா (CELTA) சான்றிதழுக்கு 120 மணி நேரப் பயிற்சியும், மதிப்பிடப்படும் ஆறு மணி நேர வகுப்பும், நான்கு எழுத்துப் பணிகளும் உண்டு. லண்டன் டிரினிட்டி கல்லூரி வழங்கும் செர்ட் டெசால் (CertTESOL) பயிற்சியிலும் ஆறு மணி நேர வகுப்பு உண்டு. அதோடு, பயிற்சி பெறுபவரே தமக்குச் சற்றும் தெரியாத ஒரு மொழியை நான்கு மணி நேரம் மாணவராக அமர்ந்து கற்க வேண்டும் என்ற பகுதியும் உண்டு. இந்தப் பகுதியைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். அந்த மொழி சீனமாக அமைந்துவிட்டால் அதைவிட நல்ல தொடக்கம் கிடைக்காது. ‘மா’ என்ற ஒரே அசை, குரலின் ஏற்ற இறக்கத்துக்கேற்ப அம்மாவாகவும் சணலாகவும் குதிரையாகவும் திட்டுவதாகவும் மாறுகிறது. அம்மா என்று சொல்ல நினைத்துக் குதிரை என்று சொல்லிவிட்டு, இரண்டாம் முறை கேட்கப்படும்போது உதட்டை இறுக்கிக்கொள்கிற பட்டதாரிக்கு, தம் மாணவரின் மௌனம் சோம்பேறித்தனம் அல்ல என்பது அந்த நொடியில் விளங்கிவிடும்.

அந்த மௌனத்துக்குச் சீனர் சொல்லும் காரணம் ‘மியன்ட்ஸு’, அதாவது பிறர் முன்னிலையில் காக்க வேண்டிய முகம். எழுப்பி நிறுத்திக் கேள்வி கேட்டால் பதில் வராத அதே மாணவர், பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசிப் பார்த்த பிறகு கேட்டால் தயக்கமின்றிச் சொல்வார். இப்படி ஒரு வகுப்பை நடத்திக்கொண்டிருக்கையில், பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுக்கும் பயிற்சியாளர் எதை மாற்ற வேண்டும் என்று அன்று மாலையே சொல்லிவிடுகிறார். ஒரு மாணவி தன் தாத்தாவைப் பற்றிப் பேசும்போது ஆங்கிலத்தில் ‘அவள்’ என்று சொல்வாள். சீனப் பேச்சில் அவன், அவள் இரண்டுக்கும் ‘தா’ என்ற ஒரே ஒலிதான். எழுத்தில் மட்டுமே வேறுபாடு. வினைச்சொல்லும் காலத்துக்கேற்ப வடிவம் மாறாது என்பதால், ‘நேற்று நான் சந்தைக்குப் போ’ என்ற வார்ப்பில் ஆங்கில வாக்கியங்கள் வந்து விழும். இதை அறிந்த ஆசிரியர் கடிந்துகொள்ள மாட்டார், எங்கே பயிற்சி தர வேண்டும் என்று அவருக்குத் தெரியும். பாங்காக்கிலோ ஹோ சி மின் நகரிலோ செல்ட்டா படித்தாலும் முறை ஒன்றுதான். ஆனால் எதிரே அமர்ந்திருப்பவர் சீன மாணவராக இருக்க மாட்டார்.

பண்பாட்டை அறிவதற்கும் வகுப்பறையே நல்ல இடம் என்பது என் கருத்து. ஆசிரியர் நுழைந்ததும் வகுப்புத் தலைவர் குரல் கொடுக்க அனைவரும் எழுந்து வணக்கம் சொல்வதும், முற்பகலில் எல்லோரும் கண்களை மூடிக் கண் பயிற்சி செய்வதும், மதிய உணவுக்குப் பின் மேசையில் தலை சாய்த்து உறங்குவதும், செப்டம்பர் 10 அன்று ஆசிரியர் நாள் கொண்டாடுவதும் எந்தத் தொகுப்பிலும் விற்கப்படாதவை. பெரும்பாலான மாகாணங்களில் கல்லூரி நுழைவுத் தேர்வான காவ்காவ் 750 மதிப்பெண்களுக்கு நடக்கிறது. அதில் 150 ஆங்கிலத்துக்கு. மேல்நிலை மாணவர்கள் உரையாடலை விட்டு இலக்கணமே கேட்பது ஏன் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

மூன்றாவது வழியை நான் முற்றாக ஒதுக்கவில்லை. தென்சீனாவில் குவாங்சியின் யாங்ஷுவோவில், 20 யுவான் நோட்டின் பின்புறத்தில் அச்சிடப்பட்டிருக்கும் லி ஆற்றுக் குன்றுகளுக்கு அருகில் சில மாதம் தங்கிக் கற்பது அரிய வாய்ப்பு. ஆயினும் விசாவைப் பார்க்காமல் பணம் கட்டக் கூடாது. சம்பளம் பெற்றுப் பாடம் நடத்த, வேலைக்கென வழங்கப்படும் இசட் (Z) விசாவும், நாட்டுக்குள் வந்த 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்கும் தங்கும் அனுமதியும் வேண்டும். சுற்றுலா விசாவிலோ வணிக விசாவிலோ வந்து கற்பிப்பது, 2013 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி 5,000 முதல் 20,000 யுவான் வரை அபராதத்துக்கும், கடுமையான நிலையில் 5 முதல் 15 நாள் காவலுக்கும் உரிய குற்றம். ‘வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்’ என்று சொல்லும் முகவரோடு பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டிய விதி இன்னொன்று உண்டு. மொழி ஆசிரியர் தம் நாட்டின் தாய்மொழியையே கற்பிக்க வேண்டும் என்பது சீனாவின் பொதுக் கொள்கை. டொராண்டோ, லண்டன், மெல்போர்ன், டர்பன் தமிழர்களுக்கு அவர்கள் கடவுச்சீட்டே வழி திறக்கும். சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ போகிறவருக்கு அது எளிதல்ல. அவர்கள் கணிதத்தையோ அறிவியலையோ ஆங்கில வழியில் கற்பிக்கும் பன்னாட்டுப் பள்ளிகளை நாடுவதே பொருந்தும், அதற்குப் பாடப் பட்டமும் பி.எட்.டும் பணி அனுபவமும்தான் துணை நிற்கும். மொழி ஆசிரியராகவே போக முடிந்தவர்கள், எந்த நிறுவனத்தில் சேர்ந்தாலும் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: நான் எத்தனை மணி நேரம் உண்மையான மாணவர்களுக்குப் பாடம் நடத்துவேன், அதை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்?